பதிவேட்டில் மாரம்மா இல்லை

வேப்பனப்பள்ளி மாதா கோயிலுக்குப் பின்னால் ஒரு ஏக்கர் நிலம் சும்மா கிடந்தது. ஒரு கிணறு, இரண்டு மல்கோவா மரம், மற்றபடி எருக்கஞ்செடி. ஆட்சி மாறிய அறுபத்தேழாம் வருஷம் ஊட்டச்சத்துத் திட்டம் என்று ஒன்று வந்தது. தெருக்காரர்கள் ஒன்றுகூடிக் காய்கறி போடுங்கள், விதையும் மண்வெட்டியும் சர்க்கார் தரும் என்றார்கள். கோயில் சாமியார் நிலத்தைக் கொடுத்தார். கிறிஸ்தவர்கள் இருந்த கோயில் தெருவுக்குப் பாதி, குடியானவர் தெருவுக்குப் பாதி, வீட்டுக்கு ஒரு பாத்தி. தகரத்தில் 'பொதுத் தோட்டம்' என்று எழுதி மாட்டியதும் ஊரே பொதுவாகிவிட்டது போல எல்லாரும் ஒரு நாள் முழுக்க சந்தோஷப்பட்டார்கள்.

சனிக்கிழமை தோறும் அங்கே பெண்களுக்குச் செய்முறை வகுப்பு வைத்தார்கள். எரு மக்க வைப்பது, நாற்று விடுவது, அப்புறம் மாமரத்தில் ஒட்டுக் கட்டுவது. நடத்த வந்தவள் கிராமசேவிகா ஜெபசீலி. திருநெல்வேலிப் பக்கத்துப் பெண். சைக்கிளில் வந்து இறங்குவாள். அவள் பேச்சின் ராகத்தைக் கேட்டுக்கொண்டே ஊர்ப் பெண்கள் விஷயத்தைக் கோட்டை விட்டுவிடுவார்கள். அவளுக்கு இருந்தது ஒரே கொள்கை. கேட்டுவிட்டுப் போனால் மறந்து போகும், ஒவ்வொருத்தியும் தன் கையால் செய்தாக வேண்டும்.

முதல் சனிக்கிழமை அவள் பன்னிரண்டு பேரை எதிர்பார்த்தாள். பதினெட்டுப் பேர் வந்திருந்தார்கள். கூட்டத்தைப் பார்த்துப் பூரித்துப் போனாள், பாவம். கோயில் தெருவிலிருந்து ஆறு பேர், குடியானவர் தெருவிலிருந்து ஆறு பேர். மிச்சம் ஆறு பேர் யார் என்று கேட்டபோதுதான் விஷயம் தெரிந்தது. குடியானவர் வீட்டம்மாக்கள் ஆளுக்கொரு கூலிக்காரியைக் கூடவே கூட்டி வந்திருந்தார்கள். செய்முறை வகுப்பு என்றால் சாணி கரைக்க வேண்டும், மண் பிசைய வேண்டும். அதற்கு ஆள் வேண்டாமா?

அந்த ஆறு அம்மாக்களில் சரோஜம்மாள் கொஞ்சம் கூடுதல். பஞ்சாயத்து மெம்பர் திம்மராயனின் மனைவி. மடக்கு நாற்காலியோடு வந்திருந்தாள். நாற்காலியைத் தலையில் சுமந்து வந்தவள் மாரம்மா.

மாரம்மாவுக்கு அப்போது முப்பது வயது இருக்கலாம். ஊருக்குக் கிழக்கே காலனியில் வீடு. புருஷன் கரியப்பன் கிணறு வெட்டுகிறவன். அவள் பத்து வருஷமாகத் திம்மராயன் காட்டில் கூலி வேலை. களை எடுப்பாள், கேழ்வரகு அறுப்பாள், அறுத்ததைக் கட்டுவாள். அவள் கட்டிய கட்டு வண்டியில் போனாலும் அவிழாது என்று அந்தக் காட்டில் ஒரு பேச்சு இருந்தது. அதை அவளிடம் யாரும் சொன்னதில்லை.

ஜெபசீலி மெல்ல ஆட்சேபித்துப் பார்த்தாள். அவரவர் கையால் செய்தால்தான் பழகும் என்றாள். சரோஜம்மாளுக்கு அது விளங்கவே இல்லை.

"இவ கை என் கைதானுங்களே டீச்சர்" என்றாள். "பத்து வருசமா நான் சொல்றத இவ கைதான் செய்யுது. வேற கைன்னு எனக்குத் தோணுனதே இல்ல."

இதில் ஆணவம் கொஞ்சமும் இல்லை என்பதுதான் வேடிக்கை. வானம் மேலே இருக்கிறது என்று சொல்வது போலத்தான் சொன்னாள். ஜெபசீலி வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. மெம்பர் வீட்டம்மாவிடம் எவ்வளவு தூரம் வாதாட முடியும்? மாதா கோயில் வேலைகளைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளை சவரியப்பன் பதிவேட்டை விரித்தார். தோட்டத்துச் சாவியும் பதிவேடும் அவர் பொறுப்பு. பன்னிரண்டு பேர் எழுதினார். திருமதி சரோஜம்மாள், க/பெ திம்மராயன். அது ஏழாவது வரி. மாரம்மா என்ற பெயர் எந்த வரியிலும் இல்லை. அவளும் அதை எதிர்பார்க்கவில்லை. நாற்காலியின் பெயரையா எழுதுவார்கள்?

கிணற்று வாளியை யார் தொடலாம் என்பதில் இரண்டாவது வாரம் ஒரு சின்னத் தகராறு வந்தது. கோயில் கிணறு எல்லாருக்கும் பொது என்றார் சாமியார். அப்படியானால் நாங்கள் வரவில்லை என்றார்கள் ஆறு அம்மாக்களும். கடைசியில் சவரியப்பனே தண்ணீர் சேந்திக் கூலிக்காரிகளின் குடத்தில் ஊற்றுவது என்று முடிவானது. யாருக்கும் மனசு நோகாத ஏற்பாடு. சவரியப்பனுக்கு மட்டும் இடுப்பு நொந்தது.

வகுப்பு நடந்த விதம் பார்க்க வேண்டியது. அதற்குள் மற்ற ஐந்து அம்மாக்களும் நாற்காலியோடு வர ஆரம்பித்திருந்தார்கள். ஜெபசீலி நாற்காலிகளைப் பார்த்துப் பேசுவாள். நாற்காலிகளுக்குப் பக்கத்தில் குந்தியிருந்தவர்களின் கைகள் செய்யும். கோயில் தெருப் பெண்கள் மட்டும் தாங்களே கேட்டுத் தாங்களே செய்தார்கள். அவர்களில் சூசைமேரி கெட்டிக்காரி. மாரம்மாவிடம் கூச்சமில்லாமல் பேசுகிறவளும் அவள்தான்.

மாரம்மா நேராக டீச்சரிடம் எதையும் கேட்கக்கூடாது. அப்படி யாரும் உத்தரவு போடவில்லை, ஆனால் கூடாது. சந்தேகம் வந்தால் சரோஜம்மாள் காதருகே போய்க் கிசுகிசுப்பாள். சரோஜம்மாள் உரக்கக் கேட்பாள். ஜெபசீலி சரோஜம்மாளுக்குப் பதில் சொல்வாள். மாரம்மா கேட்டுக்கொள்வாள். எருக்குழியில் கை வைத்தால் சுடுகிறதே, சூடு அடங்கிய பிறகு கிளற வேண்டுமா, சூட்டோடு கிளற வேண்டுமா என்று ஒரு வாரம் கேட்டாள். ரொம்ப நல்ல கேள்வி என்று ஜெபசீலி பாராட்டினாள். சரோஜம்மாளுக்கு முகமெல்லாம் சிரிப்பு. அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம், நான் கேட்ட கேள்வியைப் பார்த்தாயா என்று மாரம்மாவிடமே சொல்லிக்கொண்டு வந்தாள். மாரம்மாவும் பார்த்தேனுங்க என்றாள்.

ஒட்டுக் கட்டும் வகுப்பு ஆடி மாதம் தொடங்கியது. கொட்டையிலிருந்து முளைத்த மாங்கன்றைச் சின்னத் தொட்டியில் வைத்து, தாய்மரத்துக் கிளைக்குப் பக்கத்தில் பரண் கட்டி ஏற்ற வேண்டும். கன்றின் தண்டில் இரண்டு விரல் நீளத்துக்குப் பட்டையைச் சீவ வேண்டும். கிளையிலும் அதே அளவு சீவி, இரண்டு காயத்தையும் ஒன்றோடொன்று பொருத்தி வாழைநாரால் இறுக்கிக் கட்டி, சாணியும் களிமண்ணும் பூச வேண்டும். பிறகு இரண்டு மூன்று மாதம் தொட்டி காயாமல் தண்ணீர். ஒட்டிக்கொண்டதும் கிளையை முதலில் பாதி வெட்டி, பதினைந்து நாள் கழித்து மீதியையும் வெட்டினால் தாய்மரத்தின் பழம் தரும் தனிக் கன்று. சொல்வதற்கு இவ்வளவுதான். சீவும்போது கத்தி ஒரு நூல் ஆழமாகப் போனாலும் கன்று காலி. கட்டு இளகினாலும் காலி, ரொம்ப இறுகினாலும் காலி.

மாரம்மா முதல் கன்றைக் கட்டியபோது அவளுக்குள் என்னவோ ஆனது. காயமும் காயமும் இடைவெளி இல்லாமல் போய் உட்கார்ந்ததைக் கட்டைவிரல் சொன்னது. இதற்கு முன் அவள் செய்த வேலை எல்லாம் அன்றைக்கே முடிகிற வேலை. களை மறுபடி முளைக்கும், கட்டிய கட்டை அவிழ்த்துப் போரடிப்பார்கள். இது அப்படி இல்லை. அவள் கட்டியது முப்பது வருஷம் நிற்கும், காய்க்கும். அந்த நினைப்பில் அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம். வாரத்தில் ஆறு நாளும் சனிக்கிழமைக்காகக் காத்திருந்தாள். சரோஜம்மாளுக்கு ஒரு சனிக்கிழமை காய்ச்சல் வந்தபோது மாரம்மா அழாத குறை.

சரோஜம்மாள் கணக்கில் பன்னிரண்டு கன்று. பதினொன்று பிடித்தது. கோயில் தெருவில் சூசைமேரிக்கு எட்டு. மற்றவர்களுக்கு மூன்று, நான்கு. நாற்காலியைப் பார்த்துப் பேசிய ஜெபசீலியின் கண் எப்போதோ கீழே இறங்கி மாரம்மாவின் கையில் நின்றுவிட்டிருந்தது. ஆனால் பதிவேடு பதிவேடுதான். தை மாதம் ஒன்றியத்திலிருந்து அதிகாரி வந்து பன்னிரண்டு பேருக்கும் சான்றிதழ் கொடுத்தார். முதல் இடம் திருமதி சரோஜம்மாள். திம்மராயன் அதைக் கிருஷ்ணகிரிக்குக் கொண்டுபோய்க் கண்ணாடிச் சட்டம் போட்டு வந்து கூடத்தில் மாட்டினான். மாரம்மா வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தாள். அழகாகத்தான் இருந்தது.

சித்திரையில் அரசுப் பழப்பண்ணையிலிருந்து ஜெபசீலிக்குக் கடிதம் வந்தது. கிருஷ்ணகிரி போகிற வழியில் இருக்கும் பண்ணை அது. ஒட்டுக் கட்டத் தெரிந்த பெண்கள் இருவர் வேண்டும், சான்றிதழோடு அனுப்பவும் என்று எழுதியிருந்தது. ஜெபசீலி சூசைமேரியிடம் சொன்னாள். அப்புறம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு காலனிக்கே போய் மாரம்மாவைப் பார்த்தாள்.

"மொத நாளே உங்க பேரத் தனியா எழுதியிருக்கணும். என் தப்புதான்" என்றாள். "பதிவேட்ல இல்லாத பேர நான் எப்படி அனுப்புவேன்? எனக்கும் மாத்தல் வந்துட்டு. அடுத்த வாரம் போயிருவேன்."

மாரம்மாவுக்கு முதலில் காதில் விழுந்தது 'உங்க' என்பதுதான். மற்றது பிறகுதான் உறைத்தது. ஒரு வேலை இருக்கிறது, அதை ஊரிலேயே நன்றாகச் செய்கிறவள் தான்தான், அது தனக்கு இல்லை. அன்று ராத்திரி அவள் சாப்பிடவில்லை.

வழி சொன்னவள் சரோஜம்மாள். அவள் மனசு கெட்ட மனசு இல்லை. மெம்பர் பெண்டாட்டி கூலிக்குப் போக முடியாது, ஆனால் சான்றிதழ் வீணாகப் போவானேன் என்று யோசித்தாள். யோசித்து, இந்த ஊரில் மட்டுமே தோன்றக்கூடிய ஒரு யோசனையைக் கண்டுபிடித்தாள்.

"இத்தினி நாளு உன் கைய நான் வச்சிருந்தேன். இப்ப என் பேர நீ வச்சிக்க. என் பேருலயே போயிட்டு வா."

சட்டத்தைக் கழற்றிச் சான்றிதழைத் திம்மராயனுக்குத் தெரியாமல் ஒரு நாள் கொடுத்தாள். மாரம்மா பண்ணை ஆபீசில் அதைக் காட்டிவிட்டுச் சாயங்காலமே பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவந்தாள். பண்ணைப் பதிவேட்டில் குமாஸ்தா எழுதிக்கொண்டான். சரோஜம்மாள், க/பெ திம்மராயன், வேப்பனப்பள்ளி. அதற்கு நேராக மாரம்மா கட்டைவிரலை வைத்து அழுத்தினாள்.

பண்ணையில் மாரம்மாவுக்குக் குறை ஒன்றும் இல்லை. நாளுக்கு நாற்பது கன்று கட்டினாள். காலையில் மேஸ்திரி ஆஜர் எடுக்கும்போது சரோஜம்மா என்றதும் இருக்கறேனுங்க என்பாள். நல்ல குடும்பத்துப் பெண், என்ன கஷ்டமோ கூலிக்கு வந்திருக்கிறாள் என்று மற்றப் பெண்கள் அவர்களாகவே ஒரு கதை கட்டிக்கொண்டார்கள். அக்கா என்றார்கள். மத்தியானம் நிழலில் நடுவில் இடம் விட்டார்கள். எல்லாரும் குடிக்கிற பானையிலிருந்து எல்லாரும் குடிக்கிற சொம்பில் மொண்டு நீட்டினார்கள். முதல் நாள் அந்தச் சொம்பை வாங்குமுன் கையைப் புடவையில் இரண்டு தடவை துடைத்துக்கொண்டாள். மூன்றாம் நாள் பழகிவிட்டது. சுகம் சீக்கிரம் பழகிவிடும். விஷயம் தெரிந்த சூசைமேரி பண்ணையில் யாரிடமும் மூச்சு விடவில்லை.

ஆனால் ஊரில் விட்டாள். கெட்ட எண்ணத்தில் இல்லை, சிரிப்பதற்கு ஒரு விஷயம் என்றுதான் தெருவில் சொன்னாள். ஒரே வாரத்தில் அது சலூன் வரைக்கும் போய்விட்டது. என்ன கரியப்பா, சர்க்கார் புஸ்தகத்தில் உன் பெண்டாட்டி திம்மராயன் பெண்டாட்டியாமே என்றார்கள். சம்பளத்தை உன்னிடம் கொடுக்கிறாளா, அவர் வீட்டில் கொடுக்கிறாளா என்றார்கள். கரியப்பன் வாய் செத்தவன். சிரிக்கிற மாதிரி உதட்டை வைத்துக்கொண்டு கேட்டுக்கொள்வான். முடி வெட்ட வேறு ஊருக்குப் போக ஆரம்பித்தான். மாரம்மாவிடம் அவன் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

அறுபத்தொன்பதாம் வருஷம் மாசி மாதம், பிறந்த ஊரான பேரிகையில் மாரம்மாவின் தாய் செத்துப்போனாள். ஆள் வந்து சொன்னபோது மணி எட்டு. மாரம்மா ஆறு மணி பஸ்ஸுக்கே போயிருந்தாள். மூன்று மணிக்கு அடக்கம், மகள் வந்துதான் முதல் வாய்க்கரிசி என்று சொல்லிவிட்டுப் போனான் வந்தவன். கரியப்பன் அடுத்த பஸ்ஸைப் பிடித்துப் பத்து மணிக்குப் பண்ணைக் கேட்டில் நின்றான். உள்ளே சொல்லி அனுப்பியிருந்தால் பதினைந்து நிமிஷத்தில் மாரம்மா வெளியே வந்திருப்பாள். ஒரு மணிக்கெல்லாம் பேரிகை போயிருக்கலாம்.

கேட்டில் புதுக் காவல்காரன். கிருஷ்ணகிரிக்காரன், கறாரான ஆள். யாரைப் பார்க்க வேண்டும் என்றான். மாரம்மா என்றான் கரியப்பன். காவல்காரன் பெயர்ப் பட்டியலை மேலிருந்து கீழ் வரைக்கும் விரல் வைத்துப் பார்த்தான். மாரம்மா என்று யாரும் இல்லை என்றான். சூசைமேரியைக் கூப்பிடச் சொன்னான் கரியப்பன். அவள் இன்றைக்கு லீவு என்றான் காவல்காரன். எந்த ஊர் என்று கேட்டு, வேப்பனப்பள்ளி என்றதும் மறுபடி பட்டியலைப் பார்த்தான்.

"வேப்பனப்பள்ளில வேற ஒருத்தங்க இருக்காங்க. சரோஜம்மாள், திம்மராயன் சம்சாரம். அவங்கள வரச் சொல்லட்டுமா?"

கரியப்பன் அவன் முகத்தைப் பார்த்தான். ஆமாம் என்று தலையை ஆட்டினால் போதும். மாசக்கணக்காக ஊர் அவன் மேல் துப்பிய பேச்சு எல்லாம் அந்த நேரத்தில் நினைவுக்கு வந்தது. திம்மராயன் பெண்டாட்டியைக் கூப்பிடுங்கள் என்று தன் வாயால் அவனால் சொல்ல முடியவில்லை.

"வேண்டாங்க. அது வேற ஆளு" என்றான்.

எதிர்ப்பக்கப் புளியமரத்தடியில் போய் உட்கார்ந்தான். பதினொன்று ஆனது, பன்னிரண்டு ஆனது. இரண்டு தடவை எழுந்து கேட் வரைக்கும் போய்த் திரும்பினான். ஐந்து மணிக்குச் சங்கு ஊதிப் பெண்கள் வெளியே வந்தார்கள். புருஷனைப் பார்த்ததும் மாரம்மா ஓட்டமாக வந்தாள். என்ன என்று கேட்டாள். அவன் முழுதையும் சொன்னான். காவல்காரன் கேட்டதையும் தான் சொன்ன பதிலையும்கூட மறைக்காமல் சொன்னான். அதை மறைத்திருக்கலாம். மறைக்கத் தெரியாத மனுஷன்.

அவர்கள் பேரிகை போய்ச் சேர்ந்தபோது இருட்டிவிட்டது. மண்மேடு மேல் தெளித்த தண்ணீர்கூடக் காய்ந்திருந்தது. மகள் எங்கே, மகள் எங்கே என்று கேட்டுக் காத்திருந்து, வெயில் தாங்காது என்று எடுத்துவிட்டோம் என்றார்கள். வாய்க்கரிசியைத் தம்பி பெண்டாட்டி போட்டாளாம். மாரம்மா தலையில் அடித்துக்கொண்டு அழவில்லை. மண்ணில் உட்கார்ந்து, வழியில் வாங்கி இடுப்பில் முடிந்திருந்த அரிசியை எடுத்து அந்த மேட்டின் மேலேயே போட்டாள். அடுத்த நாள் காக்காய் தின்றிருக்கும்.

யார் மேல் கோபப்படுவது என்று அவளுக்கு ரொம்ப நாள் தெரியவில்லை. கரியப்பன் மேல் கோபப்பட்டுப் பார்த்தாள். புளியமரத்தடியில் ஏழு மணி நேரம் அவன் உட்கார்ந்திருந்ததை நினைத்ததும் கோபம் கரைந்துபோனது. காவல்காரன் பட்டியலில் இருந்ததைப் படித்தான், அவ்வளவுதான். சூசைமேரி சிரிக்கப் பேசினாள், சரோஜம்மாள் உதவி செய்தாள். எல்லாரையும் கழித்துப் பார்த்ததில் கடைசியில் நின்றது கட்டைவிரலை அழுத்திய தான் மட்டும்தான். அது அவளுக்கு ஆத்திரமாக இருந்தது. ஊரே சேர்ந்து செய்த காரியத்துக்கு அவள் ஒருத்தி குற்றவாளியா?

அந்த வருஷக் கடைசியில் பண்ணையில் இரண்டு பேரை நிரந்தரமாக்கப் போவதாகச் செய்தி வந்தது. முதல் பெயர் சரோஜம்மாள். கண்காணிப்பாளர் கூப்பிட்டுப் பணிப் புத்தகத்தை விரித்து வைத்தார். இதில் ஒரு கைநாட்டு, அப்புறம் சாகும் வரைக்கும் சர்க்கார் சோறு என்று சிரித்தார். மாரம்மா கட்டைவிரலில் மையை வாங்கிக்கொண்டு விரலைப் பின்னுக்கு இழுத்தாள். பிறகு, நான் சரோஜம்மாள் இல்லை என்று சொன்னாள்.

மனுஷன் கெட்டவர் இல்லை, ஆனால் சர்க்கார் ஆள். கதையைக் கேட்டுத் தலையைப் பிடித்துக்கொண்டார். மேலே எழுதினால் உனக்கும் தொல்லை, எனக்கும் தொல்லை என்றார். பதிவேட்டில் இருக்கிற பெயரை மாற்ற எனக்கு அதிகாரம் இல்லை என்றார். மாநிலத்தின் பெயரையே மாற்றி ஒரு வருஷம் ஆகவில்லை. அவர் மேசை மேல் இருந்த ரப்பர் முத்திரையில் இன்னும் பழைய பெயர்தான் இருந்தது. கடைசியில் ஒரு வழி சொன்னார். பயிற்சிப் பதிவேட்டிலும் சான்றிதழிலும் உன் பெயரைத் திருத்தி வாங்கி வா, ஒரு வாரம் தருகிறேன், உன்னையே புதிதாகச் சேர்த்துக்கொள்கிறேன் என்றார்.

சனிக்கிழமை மாரம்மா பொதுத் தோட்டத்துக்குப் போனாள். வகுப்பு நடந்துகொண்டிருந்தது. புது கிராமசேவிகா, புதுப் பெண்கள் பாதிப் பேர், பழைய நாற்காலிகள். போன வருஷம் முதல் இடம் வாங்கியவள் என்பதால் சரோஜம்மாள் இப்போது முன்வரிசையில் இருந்தாள். அவள் பக்கத்தில் குந்தியிருந்தது வெங்கடம்மாள் என்ற வேறொரு கூலிக்காரி. சாணி கரைத்துக்கொண்டிருந்தாள்.

சவரியப்பன் விஷயத்தைக் கேட்டதும் பதிவேட்டை எடுத்து வந்து ஏழாவது வரியைத் திறந்து, பேனா மூடியையும் கழற்றிவிட்டார். சரோஜம்மாள் சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் அடித்து எழுதிவிடுவதாகவும், சான்றிதழில் செய்யும் திருத்தத்துக்குச் சாமியார் கையெழுத்துப் போடுவார் என்றும் சொன்னார். சரோஜம்மாள் மாரம்மாவைக் கிணற்றுப் பக்கம் தனியாகக் கூட்டிப் போனாள். அவள் கண் கலங்கியிருந்ததை மாரம்மா அன்றுதான் முதல் தடவையாகப் பார்த்தாள்.

"வேற எது வேணும்னாலும் கேளு மாரம்மா. நெலம் அவரு பேருல இருக்குது. ஊடு அவரு பேருல. ரேசன் கார்டுலயும் அவரு பேருதான். பொறந்ததுலருந்து என் பேர மேல போட்டு வந்த காயிதம் அது ஒண்ணுதான். சொவத்துல அதப் பாத்துட்டுதான் தெனம் அடுப்பு பத்த வெக்கறேன். அத மட்டும் கேக்காத."

மாரம்மாவிடம் சொல்வதற்குப் பதில் நிறைய இருந்தது. அந்தக் காகிதத்தில் இருப்பது உன் பெயர், அதைச் சம்பாதித்தது யார் என்று கேட்டிருக்கலாம். கேட்கத்தான் வாயைத் திறந்தாள். ஒரு காகிதத்தில் தன் பெயர் இருக்க வேண்டும் என்று அழுகிறவளிடம் அதையே கேட்டு வந்து நிற்கிற தான் என்ன சொல்வது என்று திகைத்துப் போனாள். சரிங்கம்மா என்றாள். அவள் மேல் இரக்கமும் வந்தது, அவளைக் கிணற்றில் தள்ளலாம் போலவும் இருந்தது. இரண்டும் ஒரே அளவில் இருந்தன. சவரியப்பன் பேனாவை மூடினார்.

ஒரு வாரம் முடிந்து கண்காணிப்பாளர் முன்னால் வெறுங்கையோடு நின்றாள். அவர் உட்காரச் சொன்னார். பொறுமையாக எடுத்துச் சொன்னார். சரோஜம்மாளாகவே இருந்துவிட்டால் நிரந்தர வேலை, வயசான பிறகும் பணம் வரும். மாரம்மா என்று சொன்னால் சான்றிதழ் இல்லாத ஆள். ஒட்டுக் கட்ட விட முடியாது, தொட்டிகளுக்குத் தண்ணீர் தூக்கும் தினக்கூலிதான். அதுவும் இன்றைக்குச் சேர்ந்த புது ஆளாக.

"எனக்கு வேண்டியது உன் கை. பேரு எதுவா இருந்தா என்னம்மா?"

"எனக்கு வேண்டியது பேருங்கய்யா" என்றாள் மாரம்மா.

அவர் குமாஸ்தாவைக் கூப்பிட்டார். பைத்தியக்காரி என்று நினைத்திருப்பார். அவளுக்கே அந்தச் சந்தேகம் இருந்தது. எல்லாவற்றையும் பஸ்ஸில் வரும்போதே யோசித்துவிட்டாள். கரியப்பன் மனைவி, காலனிக்காரி என்று தெரிந்ததும் அந்தப் பானையை நகர்த்தி வைப்பார்கள். நிழலில் நடுவில் இடம் இருக்காது. அக்கா என்று கூப்பிட்ட வாய்கள் என்ன சொல்லிக் கூப்பிடுமோ தெரியாது. நேற்றுவரை தான் சொல்லிக்கொடுத்த பெண்கள் தப்பாகச் சீவுவதைத் தண்ணீர்க் குடத்தோடு நின்று பார்க்க வேண்டும். அதுதான் எல்லாவற்றையும்விட வலித்தது. இருந்தாலும் சொல்லிவிட்டாள். குமாஸ்தா பழைய வரியில் 'நின்றுவிட்டார்' என்று எழுதிவிட்டு, கடைசிப் பக்கத்தில் புது வரி எழுதினான். எழுதியதை வாசிக்கச் சொல்லி இரண்டு தடவை கேட்டாள். மாரம்மா, க/பெ கரியப்பன், வேப்பனப்பள்ளி. பிறகுதான் விரலை வைத்தாள்.

மறுநாள் காலை மேஸ்திரி கேட்டுக்கு உள்பக்கம் நின்று ஆஜர் எடுத்தான். பட்டியலைப் பார்க்காமலேயே பழக்கத்தில் சரோஜம்மா என்று கூப்பிட்டான். ஒன்றரை வருஷத்துப் பழக்கத்தில் அவள் நாக்கும் பாதி எழும்பிவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டாள். பெண்கள் எல்லாரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். மேஸ்திரி இன்னொரு தடவை கூப்பிட்டான். அவள் குடத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தபடி நின்றாள். அப்புறம்தான் அவனுக்கு நினைவு வந்து, காகிதத்தைப் பிரித்து, மற்றவர்களை எல்லாம் கூப்பிட்டு முடித்துக் கடைசி வரிக்கு வந்தான்.

"மாரம்மா."

"இருக்கறேனுங்க" என்றாள். மேஸ்திரி பக்கத்தில்தான் நின்றான், அவ்வளவு சத்தமாகச் சொல்ல வேண்டியதில்லை. கேட்டில் உட்கார்ந்திருந்த காவல்காரனுக்குக் கேட்க வேண்டும் என்றுதான் அப்படிச் சொன்னாள்.